‘சரி’ எத்தனை கிலோ?

டிடிங், டிடிங். மின்சார ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் சட்டைப்பையிலிருந்து வந்தது அந்தச் சத்தம். பழைய பட்டன் போனின் மெசேஜ் சத்தம். இப்போது யாரும் வைத்துக்கொள்ளாத சத்தம். அவர் போனை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்கோ, பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே, அத்தனை வியர்வைக்கும் நடுவே, புளித்த மாவு மணத்தது. பொங்கி மூடியைத் தூக்கிய இட்லி மாவு. அதன் பின்னாலேயே கரிப்புழுதி கலந்த நெய்வேலி வெக்கை. கண்ணை மூடினால் அக்காவின் சமையலறை, மேடைமேல் என் லேப்டாப், அதன் எண்டர் பட்டனில் காய்ந்து வெடித்த ஒரு சொட்டு மாவு. அந்த லேப்டாப்பைப் பிறகு விற்றபோதும் மாவோடுதான் விற்றேன்.

அப்போது நான் ஒரு வேலையை விட்டிருந்தேன், இன்னொன்று கிடைக்கவில்லை. எனக்கு அது பழக்கம்தான். எந்த நாற்காலியும் என்னை ரொம்ப நாள் தாங்கியதில்லை. புரொகிராம் எழுதும்போது கவிதை அரிக்கும், கவிதை எழுத உட்கார்ந்தால் எங்காவது பஸ் ஏறத் தோன்றும். அப்படி ஏறிய ஒரு பஸ் என்னை நெய்வேலியில் இறக்கியது. நானும் அக்காவும் பிறந்து வளர்ந்த டவுன்ஷிப். கோடு போட்ட மாதிரி ரோடுகள், ரோட்டுக்கு இருபுறமும் மரங்கள், எந்த பிளாக்கில் இறங்கினாலும் அதே குவார்ட்டர்ஸ். சின்ன வயதில் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுத்த வீட்டு ஊஞ்சலில் தூங்கியிருக்கிறேன், என் வீடு என்று நினைத்துக்கொண்டு.

அக்கா வீட்டில் ஒரே கலவரம். மாமா ரிட்டயர் ஆக ஒரு மாதம்கூட இல்லை. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகன், “வந்துடுங்க, ஃபிளாட்ல ஒரு ரூம் சும்மாதானே கெடக்கு” என்று தினமும் போன் செய்தான். மாமாவுக்கு அரை மனசு. அக்காவுக்கு அதில் பாதிகூட இல்லை.

அக்கா மாவு விற்பவள். அவள் குவார்ட்டர்ஸ் ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே. சுரங்கத்தில் வேலை முடித்து இறங்குகிறவர்கள் காலி டிபன் பாக்ஸை ஆட்டிக்கொண்டே வாசலுக்கு வந்து, “அக்கா, ஒரு கிலோ” என்பார்கள். யாருக்கு ப்ரமோஷன், யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், காண்ட்ராக்ட் ஆட்களை எப்போது பெர்மனென்ட் ஆக்குவார்கள், எல்லாம் அந்த வாசலில்தான் முடிவாகும். கரண்டியால் மாவை ஊற்றிக்கொண்டே அக்கா எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்வாள்.

“பெங்களூருக்குப் போயிருந்தப்ப நான் யாருகூடப் பேசினேன் தெரியுமாடி?” என்றாள் நான் போன அன்றே. “லிஃப்டுகூட. அது ஒண்ணுதான் என்னைப் பாத்து எந்த மாடின்னு கேட்டுச்சு. அதுவும் இங்கிலீஷ்ல.”

டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்துப் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். ஆனால் அது பஸ் வரும் வழியிலிருந்து தள்ளி, சந்துக்குள் சந்து. அங்கே யாரும் டிபன் பாக்ஸை ஆட்டிக்கொண்டு வரமாட்டார்கள். ஆர்டரை முன்கூட்டியே போனில் வாங்கி, பாக்கெட் போட்டு, மாமா மொபெட்டில் கொண்டுபோய் டவுன்ஷிப் நுழைவாயிலான ஆர்ச் கேட் பஸ் ஸ்டாப்பில் கொடுத்தால்தான் வியாபாரம் உண்டு.

“இங்க இருக்கும்போதே ஒரு நாளு அப்படி நடத்திக் காட்டு,” என்றார் மாமா. “நடந்தா வடக்குத்து. நடக்கலன்னா மூட்டையக் கட்டிகினு பெங்களூரு.”

“நடத்திக் காட்டணும், அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான். சரி.”

“சரி.”

இந்தக் கடைசி இரண்டு ‘சரி’யைக் கவனிக்க வேண்டும். கம்மாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த மாமாவுக்கு, இளவயதிலிருந்தே சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டின் கன்ட்ரோல் ரூமில் வேலை. அங்கே போனில் ஒரு சேதி வந்தால் கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் ‘சரி’ என்று முடிக்க வேண்டும். அது வராமல் யாரும் பெல்ட்டை ஓட்டமாட்டார்கள். பெல்ட் பக்கத்தில் ஆள் நின்றால் உயிர் போய்விடும். பழக்கம் நல்ல பழக்கம்தான். மாமா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். “சாப்பிட வாங்க” என்று அக்கா கூப்பிட்டால், கூடத்திலிருந்து “சாப்பிட வரணும்” என்று குரல் வரும். ஆள் வராது. அக்கா உள்ளேயிருந்து “சரி” என்று கத்தினால்தான் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். அவர்கள் கல்யாணத்தில் ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல மாமா திருப்பிச் சொல்லிவிட்டு, ஐயர் ‘சரி’ சொல்வதற்காகக் காத்திருந்ததாக அக்கா சொல்வாள். அப்போது நான் கைக்குழந்தை, பார்த்த நினைவில்லை, ஆனால் நம்புகிறேன்.

ஆர்டர் வாங்கும் வேலை எனக்கு வந்தது. “கம்ப்யூட்டர் படிச்சுட்டுச் சும்மாதானே இருக்கே” என்றாள் அக்கா. ஒரு பழைய பட்டன் போனை லேப்டாப்போடு இணைத்து, வரும் மெசேஜைப் பெரிய எழுத்தில் திரையில் காட்டுகிற மாதிரி ஒரு சின்னப் புரொகிராம் எழுதினேன். காட்டிவிட்டு, அனுப்பியவருக்கு ‘உங்கள் ஆர்டர் கிடைத்தது. நன்றி’ என்று பதிலும் அனுப்பும். பட்டன் போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். நானே அனுப்பிப் பார்த்தேன், வேலை செய்தது. மாமா அனுப்பிப் பார்த்தார், வேலை செய்தது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து மாமாவின் சிநேகிதர்கள் அனுப்பினார்கள். முதல் ஆர்டர் வந்தது, மற்றதெல்லாம் காணாமல் போனது.

காரணம் சுரங்கம்தான். அந்தத் திறந்தவெளிக் குழிக்குள் அப்போது சிக்னல் கிடையாது. உள்ளே இருக்கும்போதே எல்லாரும் மெசேஜை அடித்து அனுப்பிவிட்டுப் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார்கள். போன்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். பஸ் வளைந்து வளைந்து மேலேறி, குழியின் விளிம்பைத் தாண்டி, மஞ்சள் வெயிலுக்குள் மூக்கை நீட்டும் அந்தக் கணத்தில் எல்லா போனும் ஒரே நேரத்தில் மூச்சு விடும். பாதாளத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ‘ஒரு கிலோ மாவு’. என் புரொகிராமோ ஒருவருக்கு நன்றி சொல்லி முடிக்கும்வரை அடுத்தவரைத் திரும்பிப் பார்க்காது.

இதற்குத்தான், வரும் மெசேஜையெல்லாம் வரிசையில் நிறுத்திவைக்க, மெசேஜ் க்யூ என்று ஒன்று இருக்கிறது. வேலை பார்த்த கம்பெனிகளில் அது பெரிய சாமி. தனி சர்வர், தனி ஆள், தனிப் பூஜை. அக்கா வீட்டுச் சமையலறைக்கு அது தாங்காது. இணையத்தில் தேடியபோது ஒரு குட்டி லைப்ரரி கிடைத்தது, யாரோ எழுதி இலவசமாகப் போட்டுவைத்த புரொகிராம். சர்வர் வேண்டாம், ஒரே ஒரு ஃபைல் போதும், சில வரிகளில் தொடங்கிவிடலாம் என்று அதன் முதல் பக்கம் சொன்னது. முதல் பக்கங்கள் எல்லாமே அப்படித்தான் சொல்லும், கல்யாணத் தரகர் மாதிரி. ஆனாலும் இது உண்மையிலேயே சில வரிதான். ஒரு பக்கம் போட வேண்டும், இன்னொரு பக்கம் எடுக்க வேண்டும். போடுகிறவனுக்கு எடுக்கிறவன் முகம் தெரிய வேண்டாம். எடுக்கிறவன் மெதுவாக எடுத்தாலும் போட்டது வரிசை கலையாமல் காத்திருக்கும். நான் ‘ஒரு கிலோ மாவு’ என்று போட்டேன். எடுத்தேன். ‘ஒரு கிலோ மாவு’ என்று வந்தது. எனக்குப் புல்லரித்தது.

“அக்கா, இங்க பாரேன்!”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். “இது என்னடி?”

“நான் போட்டேன், அது பத்திரமா வச்சிருந்து திருப்பிக் குடுத்துச்சு.”

“நீயே போட்டு நீயே எடுத்திருக்கே. இதுக்கா அப்பா உன்னை காலேஜுக்கு அனுப்பிச்சாரு?”

மாமாவுக்குத்தான் பிடித்தது. “இது பங்கரு,” என்றார். பெல்ட்டில் வரும் கரி பாய்லருக்குப் போவதற்கு முன்னால் கொட்டிக் கிடக்கும் தொட்டியைச் சொன்னார். “பெல்ட்டு ஓடிகினே இருக்கும், பாய்லரு அது பாட்டுக்கு எடுத்துக்கும்.”

“உங்களுக்கு எல்லாமே கரிதான்,” என்றாள் அக்கா. “நான் விக்கறது வெள்ளை மாவு.”

அந்த லைப்ரரியில் ஒரு நுணுக்கம் உண்டு. எடுத்த மெசேஜை அது உடனே அழிக்காது. எடுத்தவன் ‘வேலை முடிந்தது’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ஆள் நடுவில் செத்துப் போயிருப்பான் என்று முடிவுகட்டி, அதே மெசேஜை மறுபடியும் வரிசையில் சேர்த்துவிடும். எனவே பாக்கெட் கட்டியதும் எண்டரைத் தட்டு என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மாவு விற்பவளின் இரண்டு கையிலும் மாவு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒத்திகையின்போது மாமா கூடத்திலிருந்து அனுப்பிய ஒரே ஒரு கிலோவுக்கு அக்கா நான்கு பாக்கெட் கட்டிவிட்டாள்.

“திரும்பத் திரும்ப அதே ஆளு கேக்கறாருடி! அப்படி யாரு இவரு, யானை வளக்கறாரா?”

“நீ எண்டர் தட்டலைக்கா.”

“எதால தட்டறது? மூக்காலயா?”

கடைசியில் முழங்கையால் தட்டுவது என்று முடிவாயிற்று. எண்டரில் காய்ந்த அந்தச் சொட்டு மாவு அப்படித்தான் விழுந்தது.

பரீட்சை நாள் வந்தது. மாமா மிச்சமிருந்த லீவை எடுத்துக்கொண்டு, பாக்கெட் தயாரானதும் வந்து எடுத்துப்போகலாம் என்று, முதலிலேயே ஆர்ச் கேட் ஸ்டாப்பில் போய் நின்றுகொண்டார். அன்றைக்கு வீட்டு வாசலுக்கு வராமல் அங்கேயே இறங்கச் சொல்லி சிநேகிதர்களிடம் பேசிவைத்திருந்தார். சமையலறையில் அக்கா கரண்டியோடு, நான் லேப்டாப்போடு. அண்டாவில் மாவு சின்னச் சின்னக் குமிழாக மூச்சு விட்டது. தூரத்தில், நாங்கள் பார்க்கமுடியாத இடத்தில், பஸ் விளிம்பேறியிருக்க வேண்டும்.

டிடிங். டிடிங் டிடிங் டிடிங்.

ஒன்றும் தொலையவில்லை! ‘ஒரு கிலோ.’ அக்கா ஊற்றினாள், கட்டினாள், முழங்கையால் தட்டினாள். ‘அரை கிலோ இட்லிக்கு.’ தட்டினாள். ‘ஒரு கிலோ, புளிப்பு கம்மியா.’ தட்டினாள். இப்படியே ஓர் அழகான ஊர்வலம். என் வாழ்க்கையில் நான் எழுதிய எதுவும், கவிதை உட்பட, இவ்வளவு ஒழுங்காக நடந்துபோனதில்லை.

அப்புறம் திரையில் வந்தது: ‘சரி.’

அக்கா கரண்டியைத் தூக்கியபடி நின்றாள். “‘சரி’யாம்டி. சரி எத்தனை கிலோ?”

அடுத்து: ‘ஆர்டர் கிடைத்தது, சரி.’ அடுத்து: ‘ஓகே சார்.’ அடுத்து: ‘ரிசீவ்டு.’

பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாரும் மாமாவோடு வேலை பார்க்கும் பெல்ட் ஆட்கள். சேதி வந்தால் திருப்பிச் சொல்லாமல் விடமாட்டார்கள். என் புரொகிராமோ வந்ததெல்லாம் ஆர்டர் என்று நம்பி, ஒவ்வொரு ‘சரி’க்கும் ‘உங்கள் ஆர்டர் கிடைத்தது. நன்றி’ என்றது. அவர்கள் அதற்கு ஒரு ‘சரி’. இது அதற்கு ஒரு ‘நன்றி’. இரண்டு பக்கமும் கடைசி வார்த்தையை விட்டுக்கொடுக்காத மரியாதைக்காரர்கள். உண்மையான மாவு ஆர்டர்கள், கொஞ்சம் பின்தங்கி வந்தவை, அந்த ‘சரி’க் கூட்டத்துக்குப் பின்னால் பொறுமையாக நின்றன.

நடுவில் மாமாவின் மெசேஜ் வந்தது. ‘ஸ்டாப்புக்கு வந்துட்டேன்.’ போன் அவருக்கும் நன்றி சொன்னது. ‘நான் ஆர்டர் பண்ணல. நான் வூட்டுக்காரன்.’ உங்கள் ஆர்டர் கிடைத்தது, நன்றி. ‘நன்றி வேணாம். மாவு ரெடியா?’ உங்கள் ஆர்டர் கிடைத்தது, நன்றி. சற்றுப் பொறுத்து மாமாவிடமிருந்து: ‘சரி.’

லேப்டாப்பை அணைத்துவிட்டுத் திறந்தேன். எதையும் இழக்காது என்று முதல் பக்கத்தில் சத்தியம் செய்திருந்த லைப்ரரி, சொன்ன சொல் தவறாமல் அத்தனை ‘சரி’யையும் பத்திரமாகத் திருப்பித் தந்தது. ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு இவ்வளவு மெசேஜ்தான் அனுப்பலாம் என்று அப்போது ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதுதான் எங்களைக் காப்பாற்றியது. போன் ஒரு கட்டத்தில் வாயடைத்து நின்றது.

அக்கா தன் போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள். “உடனே வந்து அண்டாவைத் தூக்குங்க!”

ஸ்பீக்கரில் மாமாவின் குரல் நிதானமாக வந்தது. “வந்து அண்டாவத் தூக்கணும்.”

“ஆமாங்க!”

“தூக்கணும்.”

“அய்யோ, ஆமாம்!”

மறுமுனையில் மொபெட் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பல்லைக் கடித்தாள். “சரி! சரி! சரி! போதுமா? வாங்க!”

அடுத்த நொடி மொபெட் உறுமியது.

அண்டாவை இருவருக்கும் நடுவில் வைத்து அணைத்துக்கொண்டு அக்கா மொபெட்டில் போனாள். நான் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது, பஸ் ஸ்டாப் நிழலில் அண்டாவைச் சுற்றி ஒரே கூட்டம். கழுவிய டிபன் பாக்ஸ்களில் அக்கா கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்க மிஷினு ரொம்ப மரியாதைங்க,” என்றார் ஒருவர். “நான் எத்தினி வாட்டி சரின்னாலும் சளைக்காம நன்றி சொல்லுது. எங்க வூட்ல ஒரு வாட்டி சொன்னதில்ல.”

“ஏன்யா, ஆர்டர் போட்டோமா, வாயை மூடிட்டு வந்தோமான்னு இருக்க மாட்டீங்களா?”

“அதெப்படிக்கா? சேதி வந்தா திருப்பிச் சொல்லாம வுடறதா? பெல்ட்டு நின்னுடுமே!”

எல்லாரும் சிரித்தார்கள். மாவு தீர்ந்தது. கூட்டம் கலைந்தது. மாமா அண்டாவின் அடியைப் பார்த்துக்கொண்டே, “பையன்கிட்ட சொல்லிடட்டுமா, வந்துடறோம்னு?” என்றார்.

அக்கா கரண்டியில் ஒட்டியிருந்த மாவை விரலால் வழித்து அண்டாவில் தட்டினாள். மறுபடி வழித்தாள், வழிக்க ஒன்றுமில்லாதபோதும். எனக்குத் தெரிந்து அவள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றது அன்றுதான்.

மாமாவும் அதைப் பார்த்தார். திருப்பிச் சொல்லப்படாத சேதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மொபெட்டை ஒரு தரம் உதைத்தார். “பெல்ட்டு அறுந்தாகூட ஒட்டி, இன்னொரு வாட்டி ஓட்டிப் பாப்போம்,” என்றார் ரோட்டைப் பார்த்து. “நாளைக்கும் பாரு. அதோட முடிவு.”

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்தேன். அளவு சொல்லாத மெசேஜ் எதுவும் ஆர்டர் வரிசைக்குள் வரக்கூடாது. அவற்றுக்கென்று வேறொரு க்யூ, ஒரு ஓரம். அங்கே போனதற்குப் பதில் கிடையாது. அந்தக் குட்டி லைப்ரரியில் இன்னொரு க்யூ திறக்க இன்னும் ஒரு வரிதான்.

“ஆவாது,” என்றார் எட்டிப் பார்த்த மாமா. “பதில் வரலன்னா வர்ற வரைக்கும் அனுப்பிகினே இருப்பானுங்க. நானே அனுப்புவேன்.”

“தள்ளுங்க,” என்றாள் அக்கா. “நீ எழுதுடி. நன்றி கின்றி எல்லாம் தூக்கு. ‘மாவு எடுத்து வச்சாச்சு. பதில் போட்டா மாவு கிடையாது.’”

“அக்கா, கஸ்டமரை மிரட்டக் கூடாது.”

“கஸ்டமராம்! எங்க ஆளுங்கடி அவங்க. மிரட்டினாத்தான் நம்ம கடைன்னு நம்புவாங்க.”

எழுதினேன்.

மறுநாள் டிடிங் டிடிங் என்று வந்தது, திரையில் ஊர்வலம் போனது, அக்காவின் முழங்கை வேலை செய்தது. கடைசி ஆர்டரும் முடிந்தது. நாங்கள் மூன்று பேரும் போனையே பார்த்தோம். போன் பேசவில்லை. ஒரு பஸ் நிறைய பெல்ட் ஆட்கள், ஒருவர்கூடத் திருப்பிச் சொல்லவில்லை. கடவுளுக்கு நேர்ந்துகொண்ட மாதிரி ஓர் அமைதி. பழக்கம் விடாமல் மாமாவும் ‘அரை கிலோ’ என்று ஒரு ஆர்டர் போட்டிருந்தார். அவர் போனுக்கும் அந்த மிரட்டல் வந்திருந்தது. அவருடைய கட்டைவிரல் தானாகவே பட்டனைத் தேடுவதைப் பார்த்தேன். சட்டென்று போனை என் கையில் திணித்தார்.

“நீயே வெச்சுக்கம்மா. என் கைய என்னால நம்ப முடியல.”

பாக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் மொபெட்டின் பின்னால் உட்கார, ஆர்ச் கேட்டுக்குப் போனோம். பஸ் வந்து நின்றது. முகமெல்லாம் கரிப்புழுதி, ஒரு கையில் டிபன் பாக்ஸ், மற்ற கையில் போன். முதல் ஆள் இறங்கி, பாக்கெட்டை வாங்கி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அண்ணே, நேர்ல சொல்லலாம் இல்ல?”

“சொல்லு.”

“மாவு வந்துது. சரி.”

“சரி,” என்றார் மாமா.

அவ்வளவுதான், வழி முழுக்க அடக்கி வைத்திருந்ததெல்லாம் மடை திறந்தது. ஒவ்வொருவரும் பாக்கெட்டை வாங்கி ‘சரி’ என்றார். மாமா ஒவ்வொருவருக்கும் ‘சரி’ என்றார். கோயிலில் பிரசாதம் கொடுப்பதுபோல் இருந்தது. பை காலியானபோது மாமா முகத்தில் ஷிப்ட் ஒழுங்காக முடிந்த நிறைவு.

திரும்பியதும் அவர் அக்காவிடம் போகவில்லை. நேரே கூடத்துப் போனை எடுத்தார். “தம்பி, நாங்க வரல. வடக்குத்துல வூடு பாத்துட்டா உங்கம்மா. ஆமாம். வரல.” கொஞ்சம் காத்திருந்துவிட்டு, “டேய், சரின்னு சொல்லுடா,” என்றார்.

சமையலறையிலிருந்து அக்கா கத்தினாள்: “அந்த லிஃப்டை நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க!”

அந்த வாரமே எனக்கு மறுபடி கால் அரித்தது. சென்னையில் ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, “போயிட்டு வரேன் மாமா” என்றேன்.

“போயிட்டு வரணும்,” என்றார் மாமா. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பிவிட்டது, மாமா இன்னும் பார்த்துக்கொண்டே கூடவே இரண்டெட்டு நடந்தார். அக்கா அவரைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு, ஜன்னலை நோக்கிக் கத்தினாள்:

“போய்ச் சேந்ததும் மெசேஜ் போடுடி! பதில் வராது! வரலைன்னா நாங்க நல்லா இருக்கோம்னு வச்சுக்கோ!”